"சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பினாங்கின் தொழிற்சாலை வட்டாரங்களான பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் ஆட்குறைப்பு நடக்கும்போது, நம் தொழிலாளிகள் அதிகம் இழப்பது ஹெச்.ஆர். எனப்படும் மனிதவளப் பிரிவின் அறையில் கழியும் அந்த அரைமணி நேரத்தில்தான். இயந்திரம் வந்தால் வேலை போகும், அதைத் தடுக்க நம்மில் பலரால் முடியாது. ஆனால் வேலை போகும்போது சட்டப்படி வரவேண்டிய பணத்தை ஒரு கையெழுத்தில் விட்டுக்கொடுத்துவிட்டு வீடு திரும்பும் நிலையை நிச்சயம் தடுக்கலாம். அதற்காகத்தான் இக்கடிதம்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். ஷிப்ட் தொடங்கியதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மேசையில் ஏற்கெனவே அச்சடித்த ஒரு தாள் இருக்கும். "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்" என்றோ, "இரு தரப்பும் சம்மதித்து வேலை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம்" என்றோ மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். "இப்படிப் போட்டால் உங்கள் ரெக்கார்டு சுத்தமாக இருக்கும், அடுத்த இடத்தில் வேலை கிடைக்கும்" என்று அன்பாகவே சொல்வார்கள். கூடவே ஒரு மாதச் சம்பளத்துக்கான காசோலையும் இருக்கும்.

அதில் கையெழுத்துப் போட்டவுடன் இரண்டு கதவுகள் மூடிக்கொள்கின்றன. முதலாவது, 1980-ஆம் ஆண்டு பணிநீக்க, தற்காலிகப் பணிநிறுத்தப் பலன் விதிமுறைகளின்படி கிடைக்கவேண்டிய இழப்பீடு. தானாக விலகியவருக்கு அது கிடையாது. இரண்டாவது, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டமான 'சிப்'. தானாக விலகியவருக்கும், நிபந்தனையில்லாமல் இரு தரப்பும் சம்மதித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டவருக்கும் அதிலிருந்து உதவித்தொகை வராது. விருப்ப ஓய்வுத் திட்டம் வேறு விஷயம். நிறுவனம் முறையாக அறிவித்து, இழப்பீடு கொடுத்து நடத்தும் வி.எஸ்.எஸ். திட்டத்தில் வெளியேறுகிறவர் சிப் உதவிக்குத் தகுதியானவர். பெயர்கள் ஒன்றுபோல் காதில் விழுவதால் பலர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். எனவே கடிதத்தில் "ஆட்குறைப்பு காரணமாக நிர்வாகம் வேலையை முடிக்கிறது" என்ற காரணம் தெளிவாக இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருவதாகச் சொல்லுங்கள். அன்றே கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

இனி கணக்கைப் பார்ப்போம். மாதச் சம்பளம் 4,000 வெள்ளி (ரிங்கிட்) அல்லது அதற்குக் கீழ் இருப்பவர், குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருந்தால் அவருக்கு இழப்பீடு உண்டு. 2 ஆண்டுக்குக் குறைவான பணி என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். முழுமையடையாத ஆண்டை மாதக் கணக்கில் வகுத்துச் சேர்க்கவேண்டும். நாள் சம்பளம் 80 வெள்ளி, பணிக்காலம் 12 ஆண்டு 4 மாதம் என்று வைத்துக்கொள்வோம். 12 ஆண்டுக்கு 240 நாள், அதாவது 19,200 வெள்ளி. மீதி 4 மாதத்துக்கு ஏறக்குறைய 533 வெள்ளி. மொத்தம் 19,733 வெள்ளி வரவேண்டும். அறையில் நீட்டப்படும் ஒரு மாதச் சம்பளத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த 'நாள் சம்பளம்' கடைசி மாதத்தை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. வேலை முடியும் நாளுக்கு முந்தைய 12 மாதச் சராசரிதான் கணக்கு. ஆகவே 12 சம்பளச் சீட்டுகளும் கையில் இருக்கவேண்டும். பல தொழிற்சாலைகளில் சம்பளச் சீட்டு இப்போது கைப்பேசிச் செயலியில்தான் வருகிறது. வேலை முடிந்த அன்று மாலையே அந்தக் கணக்கு முடக்கப்படுவதும் நடக்கிறது. ஆட்குறைப்புப் பேச்சு அடிபடத் தொடங்கியதுமே சீட்டுகள், வேலை ஒப்பந்தம், சம்பள உயர்வுக் கடிதங்கள், வருடாந்திர விடுப்பு இருப்பு எல்லாவற்றையும் இறக்கிச் சொந்த மின்னஞ்சலில் சேமித்து வையுங்கள். நிறுவனத்தின் வரைபடங்களையும் வாடிக்கையாளர் விவரங்களையும் மட்டும் தொடவேண்டாம். அது ஒழுங்கு நடவடிக்கைக்கு வழிவிடும். ஒழுங்கு மீறலுக்காக நீக்கப்பட்டவருக்கு இந்த இழப்பீடு எதுவும் கிடையாது.

இழப்பீட்டோடு முன்னறிவிப்பையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. இரண்டும் தனித்தனி. 2 ஆண்டுக்குக் குறைந்த பணிக்கு 4 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 6 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 8 வாரம் முன்னறிவிப்பு தரவேண்டும், அல்லது அத்தனை வாரச் சம்பளத்தைக் கையில் தரவேண்டும். எல்லாவற்றையும் 'பேக்கேஜ்' என்று ஒரே தொகையாகக் காட்டினால், முன்னறிவிப்புச் சம்பளம் எவ்வளவு, இழப்பீடு எவ்வளவு, எடுக்காத விடுப்புக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதை எழுத்தில் தருவது முதலாளியின் கடமை. வேலை முடிந்த 7 நாளுக்குள் இழப்பீட்டுப் பணம் வந்து சேரவேண்டும். சங்கத்தின் கூட்டு ஒப்பந்தம் இருந்தால் அதில் இதைவிடக் கூடுதல் விகிதம் எழுதியிருக்கலாம். சட்டம் சொல்வது ஆகக் குறைந்த அளவு மட்டுமே.

வருமான வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலை இழப்பு இழப்பீட்டில், பணியாற்றிய ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 10,000 வெள்ளி வரை வரிவிலக்கு உண்டு. சாதாரணத் தொழிலாளிக்கு அநேகமாக வரியே வராது. "பாதி வரிக்குப் போய்விடும்" என்ற பேச்சைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

12 மாதம் ஆகிவிடக்கூடாது என்பதற்காகவே 11 மாத ஒப்பந்தம் போட்டு, இரண்டு வாரம் வீட்டில் உட்காரவைத்து, மறுபடியும் 11 மாதம் போடுகிறவர்கள் உண்டு. இதை நம்பி "எனக்கு ஒன்றும் கிடைக்காது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இடைவெளிகள் மொத்தம் 30 நாளைத் தாண்டவில்லை என்றால் அந்தப் பணிக்காலங்களைச் சேர்த்துத் தொடர்ச்சியாகக் கணக்கிட விதிமுறை இடம் தருகிறது. மேலும், திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தம் உண்மையிலேயே தவணை ஒப்பந்தமா அல்லது நிரந்தர வேலைக்குப் போட்ட போர்வையா என்று நீதிமன்றம் உள்ளே புகுந்து பார்க்கலாம் என்பதை 2020-இல் கூட்டரசு நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

"வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஆர்டர் வரும்வரை வீட்டில் இருங்கள்" என்று சொல்வதும் ஒரு வழி. தொடர்ந்து 4 வாரத்தில் குறைந்தது 12 வேலை நாள்களுக்கு வேலையும் தராமல், அந்நாள்களுக்குச் சம்பளமும் தராமல் விட்டால் அதுவே சட்டத்தின் பார்வையில் தற்காலிகப் பணிநிறுத்தம். அதற்கும் இழப்பீடு உண்டு. எந்தெந்த நாளில் வரவேண்டாம் என்று சொன்னார்கள் என்பதை நாட்காட்டியில் குறித்து, வாட்ஸ்அப் செய்தியையும் படம்பிடித்து வையுங்கள். வாய்ச்சொல்லை யாரும் ஏற்பதில்லை.

முதலாளியின் பக்கத்திலும் நடைமுறை இருக்கிறது. ஆட்குறைப்புக்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்பே, அதை அறிவிக்கும் 'பிகே' பாரத்தை அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவில் கொடுத்தாகவேண்டும். ஒரே வகை வேலையில் அந்நியத் தொழிலாளியும் உள்நாட்டவரும் இருந்தால், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60என் பிரிவின்படி அந்நியத் தொழிலாளியைத்தான் முதலில் நிறுத்தவேண்டும். 1975-ஆம் ஆண்டு தொழில் நல்லிணக்க நடத்தை நெறி இன்னும் சில படிகளைச் சொல்கிறது. புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்துவது, ஓவர்டைமைக் குறைப்பது, ஓய்வுநாள் வேலையைக் கட்டுப்படுத்துவது, ஷிப்டுகளையும் வேலை நேரத்தையும் குறைப்பது, வேறு பிரிவுக்கு மாற்றிப் பயிற்சி கொடுப்பது ஆகிய எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் ஆளைக் குறைக்கவேண்டும். அப்போதும் உள்நாட்டவர்களுக்குள் கடைசியாக வந்தவர் முதலில் போவது வழக்கம். இந்த நெறி சட்டமல்ல என்று சொல்லித் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போகும்போது முதலாளி இந்தப் படிகளில் எதை எடுத்தார் என்பது கேட்கப்படும். 20 ஆண்டு சீனியரை அனுப்பிவிட்டு, அதே வேலைக்கு ஏஜென்ட் மூலம் குறைந்த சம்பளத்தில் ஆள் எடுத்தால் அது ஆட்குறைப்பே அல்ல.

அநியாயமாக நீக்கப்பட்டதாக நினைக்கிறவர், 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்கீழ் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்கலாம். வேலை போன நாளிலிருந்து 60 நாள் மட்டுமே அவகாசம். 61-ஆம் நாள் போனால் எத்தனை நியாயம் இருந்தாலும் ஏற்கமாட்டார்கள். "பேசிக்கொண்டிருக்கிறோம், பொறுங்கள்" என்று நிர்வாகம் சொல்வதைக் கேட்டு இரண்டு மாதம் காத்திருந்தவர்கள்தான் இங்கே அதிகம் கெட்டுப்போனவர்கள். பேச்சு நடக்கட்டும், மனு ஒரு பக்கம் போகட்டும். இழப்பீட்டுத் தொகையே வரவில்லை என்றால் அது வேறு இலாகா. தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்தால் அங்குள்ள அதிகாரியே விசாரித்துத் தீர்ப்பு சொல்வார். வழக்கறிஞர் கட்டாயமில்லை. இந்த இரண்டு இலாகாக்களையும் ஒன்றாக நினைத்து, தவறான முகப்பில் வரிசையில் நின்று நாள் போக்குகிறவர்கள் பலர்.

இன்னொரு 60 நாளும் இருக்கிறது. சிப் உதவிக்கும் வேலை இழந்த 60 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். 2018 முதல் நம் சம்பளத்தில் மாதாமாதம் 0.2 விழுக்காடு இதற்காகப் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். ஆகவே இது யாரும் போடும் பிச்சையல்ல. வெட்கப்பட்டுக்கொண்டு விண்ணப்பிக்காமல் இருப்பவர்களை நினைத்தால் மனம் வலிக்கிறது. வேலை தேடும் உதவித்தொகை முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்கள் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்கள் 30. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது கட்டிய சந்தாவைப் பொறுத்து 3 முதல் 6 வரை மாறும். 2,500 வெள்ளி சம்பளக்காரருக்கு முழு 6 மாதமும் கிடைத்தால் 2,000, 1,250, 1,000, 1,000, 750, 750 என்று மொத்தம் 6,750 வெள்ளி வரும். கணக்கிடப்படும் சம்பள உச்சவரம்பு 2024 அக்டோபர் முதல் 6,000 வெள்ளி.

பணம் பாதியில் நின்றுபோவதற்கு முக்கியக் காரணம், வேலை தேடியதற்கான ஆதாரத்தை மாதந்தோறும் பதியாமல் விடுவதுதான். சொக்சோவின் வேலை தேடும் இணையத்தளமான மைஃபியூச்சர்ஜாப்ஸில் விண்ணப்பித்த வேலைகள், போன நேர்முகத் தேர்வுகள் எல்லாம் பதிவாக வேண்டும். கணினி தெரியாத அக்கா ஒருவருக்கு முதல் மாதம் பிள்ளை பதிந்து கொடுக்கும், இரண்டாம் மாதம் மறந்துபோகும். உதவித்தொகை நின்றுவிடும். இடையில் வேலை கிடைத்துவிட்டால் அதை மறைக்கவேண்டாம். மீதமுள்ள உதவித்தொகையில் 25 விழுக்காட்டை ஒரே தவணையில் தருவதற்கு ஏற்பாடு இருக்கிறது.

இதெல்லாம் வேலை போனபிறகு செய்வது. போவதற்கு முன்பே தெரியும் அறிகுறிகளும் உண்டு. போனவருக்குப் பதில் புது ஆள் வரமாட்டார். ஓ.டி. முதலில் சனிக்கிழமையில் நிற்கும், பிறகு முழுக்க நிற்கும். ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த இயந்திரங்களோடு பக்கத்து வரிசையும் சேரும். தட்டுகளைத் தள்ளிக்கொண்டு போனவர் இடத்தில் தரையில் கோடு பார்த்து ஓடும் தானியங்கி வண்டி வரும். அலுவலகத்தில் இருப்பவருக்கு அறிகுறி வேறு. தான் செய்யும் வேலையைப் படிப்படியாக எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள், கணினித் திரையையும் பதிவு செய்யச் சொல்வார்கள். இன்வாய்ஸைப் படித்துப் பதியும் வேலை அப்படித்தான் மென்பொருளுக்குப் போகிறது. மென்பொருள் தடுமாறும் தாள்களைப் பார்க்க இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

அந்த இரண்டு பேரில் ஒருவராக இருப்பது எப்படி என்பதுதான் கேள்வி. தொழிற்சாலையை எடுத்துக்கொண்டால், மைக்ரோஸ்கோப்பில் கண்வைத்து மின்சுற்றுப் பலகைகளைப் பரிசோதித்த பெண்களின் வேலையை, கேமரா வைத்துத் தானாகப் பரிசோதிக்கும் ஏ.ஓ.ஐ. இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்த இயந்திரம் நல்ல பலகையையும் கெட்டது என்று அடிக்கடி தள்ளும். பாகங்களைப் பற்றவைத்த ஈயத்தின் பளபளப்பு மாறினாலும், பாகத்தின் மேல் அச்சு வேறு நிறத்தில் வந்தாலும் அதற்குச் சந்தேகம் வந்துவிடும். தள்ளியது உண்மையான குறையா, பொய் அலாரமா என்று முடிவு செய்ய ஆள் வேண்டும். ஈயம் இரண்டு கால்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருப்பது, சிறு பாகம் ஒரு பக்கம் தூக்கி நிற்பது, ஈயம் போதாமல் இருப்பது ஆகியவற்றை ஒரே பார்வையில் பிரித்தறிய அனுபவப்பட்ட கண்ணுக்குத்தான் தெரியும். மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தவரிடம் அந்த அறிவு ஏற்கெனவே இருக்கிறது. இயந்திரம் வந்திறங்கும் மாதமே மேற்பார்வையாளரிடம் போய், அந்தச் சரிபார்ப்பு வேலைக்கும், பாகச் சுருள் மாற்றுவதற்கும், அன்றாடப் பராமரிப்புப் பட்டியலைச் செய்வதற்கும் பயிற்சி கேட்டுப் பெயர் கொடுங்கள். பெரும்பாலும் கேட்டவருக்குத்தான் கிடைக்கிறது. நம்மவர்கள், முக்கியமாகப் பெண்கள், கேட்கத் தயங்குகிறார்கள்.

பயிற்சிக்குப் பணம் இல்லை என்று நிறுவனம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். 10 மலேசியத் தொழிலாளிகளும் அதற்கு மேலும் வைத்திருக்கும் பல துறை நிறுவனங்கள் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்குக் கட்டியாகவேண்டும். அந்தப் பணம் தொழிலாளியின் பயிற்சிக்காகத்தான். மேலாளர்களின் கருத்தரங்குக்கே அது செலவாகிறதா, உற்பத்தி வரிசையில் நிற்பவருக்கும் வருகிறதா என்று சங்கங்கள் கேட்கவேண்டும்.

சான்றிதழ் இல்லாத 20 ஆண்டு அனுபவத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. திறன் மேம்பாட்டு இலாகாவின் முன்சாதனை அங்கீகாரம் என்ற முறையில், வகுப்பில் உட்காராமலே, செய்த வேலைக்கான ஆதாரக் கோப்பைக் காட்டி எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கலாம். உள்பயிற்சி அட்டைகள், இயந்திரம் இயக்க அனுமதித்த பதிவுகள், மேற்பார்வையாளரின் உறுதிக் கடிதம் எல்லாம் அந்தக் கோப்பில் சேரும். இவற்றை வேலையில் இருக்கும்போதே திரட்டவேண்டும். மேற்பார்வையாளரையும் சேர்த்து அனுப்பிவிட்டபிறகு கையெழுத்துக்கு யாரைத் தேடுவது?

கடன் விஷயத்தில் மௌனமாக இருப்பதுதான் கெடுக்கும். முதல் தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள். வாடகைக் கொள்முதலில் வாங்கிய காரை, தொடர்ந்து 2 தவணை தவறினால், 21 நாள் நோட்டீஸ் கொடுத்து இழுத்துக்கொண்டு போகலாம். ஆனால் விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டிவிட்டால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பான ஏ.கே.பி.கே. இலவசமாக ஆலோசனை சொல்லி, வங்கிகளோடு பேசித் தவணையைக் குறைக்க உதவுகிறது. இழப்பீட்டுப் பணம் கைக்கு வந்ததும் கிரெடிட் கார்டை அடைப்பதும், 4 மாத வீட்டுச் செலவை எடுத்து வைப்பதும் முதல் வேலை. கடை வைக்கலாம், பங்கில் போடலாம் என்று யோசனை சொல்ல வருகிறவர்கள் அதன்பிறகு வரட்டும்.

நம் சமுதாயத்துக்கு இது புதிதல்ல. பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டுகளாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்தபோது வேலையோடு வீடும் போனது. அப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. அன்றைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது, தொழிலாளிகளே பங்குதாரர்களாகித் தோட்டங்களை வாங்கினார்கள். இன்று சிலிக்கான் சில்லுத் தொழிற்சாலையை வாங்கிவிட முடியாது. ஆனால் பட்டர்வொர்த், நிபோங் திபால், சிம்பாங் அம்பாட் வட்டாரத்துக் கோயில் மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியும். ஒரு மடிக்கணினி, ஒரு பிரிண்டர், பாரங்கள் நிரப்பத் தெரிந்த இரண்டு இளைஞர்கள், இழப்பீட்டுக் கணக்குப் போடத் தெரிந்த ஒரு தொழிற்சங்கத்தவர் போதும். கடிதத்தைக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் வாருங்கள் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள்.

தங்கள் நாளேடும் ஓர் உதவி செய்யலாம். ஆட்குறைப்புச் செய்தி வெளியிடும் ஒவ்வொரு முறையும், எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், அதன்கீழ் ஒரு சிறு பெட்டியில் இந்த நாள் கணக்கை அச்சிடுங்கள்: இழப்பீடு 7 நாளுக்குள், சிப் விண்ணப்பம் 60 நாளுக்குள், அநியாய நீக்க மனு 60 நாளுக்குள். வெட்டி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அளவில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
தொழிலாளர் நலனில் அக்கறை கொண்ட வாசகர்,
பிறை, பினாங்கு